ஒன்பதாவது வரியில் அப்பா

மார்ச் 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுத வந்த கை எழுத மாட்டேன் என்றுவிட்டது. நானும் வற்புறுத்தவில்லை. நலம், நலமறிய ஆவல் என்பதெல்லாமும் கிடையாது. இங்கே யாரும் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது போன வாரம் நீ போட்ட போட்டோவிலேயே தெரிந்தது. மொட்டை மாடி, கையில் கோப்பை, பின்னால் ஊர் முழுக்க விளக்கு. ஜோராக இருந்தது. நன்றாக இரு.

எல்லாவற்றிலும் உன்னை பிளாக் செய்துவிட்டேன். போனிலும்தான். "அக்காவுக்கு என்னாச்சு, ஏன் கால் போகல" என்று நீ ஊரெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இனி உனக்கும் எனக்கும் தபால்தான். போனில் பேசினால் நீ பாதிக் காதால் கேட்பாய், மீதிக் காதில் எவனோ எங்கேயோ போட்ட நாய்க்குட்டி வீடியோ ஓடும். அந்தக் குரைப்பு இங்கே எனக்குக் கேட்கும். காகிதத்தை அப்படிக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போக முடியாது. முக்கியமாக, இதற்கு ஹார்ட் போட முடியாது.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்கிறார் டாக்டர். குரல் இல்லை. இனி எப்போதும் இல்லை. மொத்தச் சந்தையில் மைக் இல்லாமல் ஏலம் விட்ட மனுஷன்டா. தக்காளிக் கூடைக்கு விலை ஏறுவது நம் பள்ளிக்கூட வகுப்பறை வரைக்கும் கேட்கும், "உங்கப்பா இன்னைக்கு நல்ல மூடுல இருக்கார்" என்று டீச்சரே சொல்லுவார், நினைவிருக்கிறதா?

இதெல்லாம் உனக்குப் புதுச் செய்தியில்லை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் நான் போஸ்ட் போட்டேன். அப்பாவின் குரலை எடுக்கப் போகிறார்கள், பேச நினைக்கிறவர்கள் அதற்குள் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். போட்ட சூடு ஆறவில்லை, முதல் ஹார்ட் வந்து விழுந்தது. உன்னுடையது! அத்தனை பேரில் முதல் ஆள் நீ.

அதை அப்பாவிடம் காட்டிய பாவி நான்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் பெயரை உற்றுப் பார்த்தார். "பார்த்துட்டான்" என்றார். "கூப்பிடுவான் பாரு."

தொண்டையை அலட்டாதீர்கள், அளந்து பேசுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போஸ்ட்டைப் பார்த்து அத்தை கூப்பிட்டார். சந்தையிலிருந்து தராசுக்காரர் கூப்பிட்டு அழுதார். யார் வந்தாலும் அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லு என்று சைகை காட்டினார். ஏம்ப்பா ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேங்கிறீங்க என்று கேட்டேன். "பய கூப்பிடுவான்ல. அவன்கிட்டப் பேச வேணாமா? அதுக்குள்ள தீர்ந்து போச்சுன்னா?" என்றார். குரலை மிச்சம் பிடித்து வைத்திருந்தார்டா, உனக்கென்று.

நான் அவனைக் கூப்பிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அதான் பார்த்துட்டானே. சொல்லி வரவழைச்சா அது பேச்சா?" என்றார். அவருக்கு எதிரில் என் வாய் செல்லாது, உனக்கே தெரியும்.

ஆபரேஷன் அன்று காலை வரை போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தியேட்டர் வாசலில் நர்ஸிடம், "செருப்ப எங்கம்மா விடணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். உனக்காகச் சேர்த்து வைத்த குரல் கடைசியில் ஒரு ஜோடி செருப்புக்குப் போயிற்று.

இதற்கு மேல் எழுதினால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நானும் அன்புள்ள போடவில்லை. போட்டால் நீ அதையும் நடிப்பு என்பாய்.

உன் கடிதத்தை நான் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து படித்தேன். ரூமில் வந்து கிடந்ததை மொட்டை கொண்டுவந்து கொடுத்தான். அவன்தான் எனக்கு ஜோடி மெக்கானிக், உனக்குச் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்து படிக்கலாம் என்று பையில் வைத்தேன், மனசு கேட்கவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிரித்தேன். கீழேயிருந்து அவன், "என்னடா, லிஃப்ட்ட நகர்த்தட்டுமா?" என்று கத்துகிறான். வாயில் டார்ச், கண் உன் கடிதத்தில். செத்துகித்துப் போய்விட்டேனா என்று பயந்து ஏறி வந்து பார்த்தான்.

எனக்குத் தெரியாது, அக்கா. நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். என் அப்பாவுக்குக் குரல் போன சேதி, போன பிறகு எனக்குத் தபாலில் வந்திருக்கிறது. இதற்கு நான் உன்னைக் கேட்க வேண்டுமா, நீ என்னைக் கேட்க வேண்டுமா?

காதில் பூச் சுற்றுகிறான் என்பாய். கேள். நீ பிளாக் செய்துவிட்டதால் மொட்டையின் போனை வாங்கி உன் போஸ்ட்டைத் தேடிப் பார்த்தேன். போட்டோவில் அப்பா புதுச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பல் தெரியச் சிரிக்கிறார். தொண்டையில் கட்டி இருக்கிற மனுஷன் அப்படியா சிரிப்பார்? நீதான் 'சிரிங்கப்பா' என்று சொல்லியிருப்பாய். கீழே முதல் வரி: 'சில குரல்கள் காற்றில் கரைவதில்லை, காலத்தில் உறைகின்றன.' இரண்டாவது வரி: 'ஒரு சந்தையையே தன் மூச்சால் நடத்திய மாமனிதன்.' அதோடு முடிந்தது. அதற்குக் கீழே 'மேலும்' என்று கொசு மாதிரி ஓர் எழுத்து. அதை அழுத்தினால் மூன்றாவது வரியில் தக்காளி வருகிறது, நான்கில் வெயில், ஐந்தில் வியர்வை, ஆறிலும் ஏழிலும் அம்மா இறந்தபோது அப்பா நம்மை வளர்த்த கதை. ஆபரேஷன் எங்கே இருக்கிறது? ஒன்பதாவது வரியில்! ஒன்பதாவது வரியில், அக்கா!

நான் அப்பாவுக்குப் பிறந்தநாளோ, சந்தையில் ஏதாவது விருது கிருது கொடுத்தார்களோ என்று நினைத்திருப்பேன். அதுகூட நினைத்தேனா என்று தெரியவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடையாது. உள்ளே போனால் அரை நாள் உலகமே இல்லை. வெளியே வந்து அடுத்த கட்டடத்துக்கு நடக்கிற தூரத்தில் அத்தனையும் மூட்டை அவிழ்த்த மாதிரி வந்து கொட்டும். யாருக்கு என்ன ஆச்சு, யார் என்ன போட்டார்கள், எதை நான் விட்டேன் என்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நடந்துகொண்டே ஹார்ட், ஹார்ட், ஹார்ட். எல்லாருக்கும் போட்டு முடித்தால்தான் மூச்சு வரும்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சித்தப்பா மகள் புது வீடு போட்டோ போட்ட அன்று நான் குழிக்குள் கிடந்தேன். அடுத்து சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவள் சபையில் வைத்து உன்னிடம், "உன் தம்பிக்கு எங்க வீடு கண்ணுக்குத் தெரியலையோ" என்று கேட்டாள். அன்றைக்கு நீ என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னாய்? "ஒரு ஹார்ட் போட்டா கொறைஞ்சா போயிடுவே? ஊர்ல இல்லாதவன் அதையாவது செய்ய வேணாமா?" என்று காய்ச்சி எடுத்தாயே. அதிலிருந்து போடுகிறேன். கல்யாணத்துக்குப் போடுகிறேன், காதுகுத்துக்குப் போடுகிறேன், பூனைக்குப் போடுகிறேன். நான் இங்கே ஒருத்தன் உயிரோடு இருக்கிறேன், என்னை மறந்துவிடாதீர்கள் என்பதற்கு எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

அறுநூறு பேருக்குச் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாக எனக்கும் சொன்னாய். கூடப் பிறந்தவனுக்கு என்று தனியாக ஒரு வார்த்தை இல்லையா?

இனி அப்பாவைக் கூப்பிட்டும் என்ன பிரயோஜனம்? யார் பேசப் போகிறார்?

தம்பி


மார்ச் 20

டேய்,

தனியாக ஒரு வார்த்தை இல்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரி கேட்டிருக்கிறாய். கூப்பிட்டேனே. டாக்டர் சொன்ன அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். மணி அடித்து அடித்து நின்றது. சாயங்காலம் உன்னிடமிருந்து, 'வேலைல இருந்தேன் க்கா, மெசேஜ் போடு' என்று வந்தது. அதை மெசேஜில் எப்படி எழுதுவது என்று நீயே சொல். 'அப்பாவின் குரலை அறுக்கப் போகிறார்கள்' என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன். அப்புறம் எல்லோருக்குமாக உட்கார்ந்து எழுதினபோதுதான் வந்தது.

ஆமாம், அலங்காரமாகத்தான் எழுதினேன். அதற்கென்ன இப்போது? பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் நின்று 'இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்கிறேன். சாயங்காலம் ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்ச். அந்த பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தால் என்னோடு படித்தவள் ஒருத்தி கடற்கரையில் இருக்கிறாள், இன்னொருத்தி புதுக் காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள், நீ மொட்டை மாடியில் கோப்பையோடு நிற்கிறாய். எல்லோரும் எங்கேயோ ஏறிப் போய்விட்டார்கள், என்னை மட்டும் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். பார்க்காமல் இருக்கவும் முடியாது. பார்த்தால் எரியும், பார்க்காவிட்டால் பதறும். அப்படிப்பட்டவள் ஒருநாள் எழுதினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'என்ன எழுத்து', 'கண் கலங்கிவிட்டது' என்று கமெண்ட் மேல் கமெண்ட். எனக்கு வேண்டியிருந்தது. போதுமா?

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். கமெண்ட் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா தண்ணீர் கேட்டார். நான் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டார். சேமித்து வைத்திருந்தாரே, அதிலிருந்து எடுத்து. அந்த இரண்டாவது 'தண்ணி' என் கணக்கு. உன்னைத் திட்டுகிறபோதெல்லாம் அதுதான் எனக்குக் காதில் கேட்கிறது. ஆனாலும் உன்னைத் திட்டுவதை விடப் போவதில்லை.

நீ படிக்காமல் ஹார்ட் போட்ட கதையை அப்பாவிடம் சொன்னேன். உனக்கு அவர் மேல் கோபமில்லை, விஷயம் தெரியாமல்தான் நீ கூப்பிடவில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன். எழுதிக் காட்டுவதற்குக் குழந்தைகள் எழுதுகிற பலகை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் எழுதினார்: 'அப்ப இத்தனை நாள் என் போட்டோவுக்குப் போட்டதெல்லாம்?'

நீ ஒவ்வொரு தடவை போடும்போதும், 'பய பார்த்துட்டான்' என்று தராசுக்காரர் வரைக்கும் காட்டிக்கொண்டு திரிந்தவர் அவர்.

கூப்பிட்டு என்ன பிரயோஜனம், யார் பேசுவார் என்று கேட்டிருக்கிறாய் பார், அதைப் படித்தபோது கடையில் கஸ்டமர் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டேன். போனது அவர் குரல்டா. காது எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷமாக அவர் பேசினார், நீ 'ம்' கொட்டினாய். அந்த 'ம்'மும் பாதி நேரம் தப்பான இடத்தில் விழும். இனி நீ பேசு. அவர் கேட்கட்டும்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

பலகையில் அவர் எழுதியதை நீ எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சரி, சொல்லிவிட்டாய். அதைப் படித்துவிட்டு போனிலிருந்து அந்த ஹார்ட் போடுகிற ஆப் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். யாருக்காகவும் இல்லை, அருவருப்பாக இருந்தது.

அந்த மொட்டை மாடி போட்டோவை ஆளாளுக்குச் சொல்லிக் காட்டுகிறீர்கள். அங்கே விருந்துக்குப் போனேன் என்றா நினைத்தாய்? லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், சரிபண்ணப் போனேன். கோப்பை யாரோ வைத்துவிட்டுப் போனது, காலி. சட்டை மொட்டையுடையது, கிரீஸ் பட்ட யூனிபார்ம் உள்ளே இருக்கிறது. கட்டிலுக்குக் கட்டில் முட்டுகிற ரூமில் நான் படுத்திருக்கிற போட்டோவைப் போட்டால், 'இதுக்கா அவ்வளவு தூரம் போனான்' என்று பேச மாட்டார்களா? நீ உன் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்து எரிந்தாய். நான் இங்கேயிருந்து நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற போட்டோவைப் பார்த்து எரிந்தேன். நல்ல குடும்பம்.

அழித்தால் நிம்மதி என்று எவன் சொன்னானோ அவன் கையில் கிடைத்தால் தெரியும். கை தானாகப் பைக்குள் போகிறது. சிக்னலே இல்லாத குழிக்குள் நின்றுகொண்டு போனை எடுத்து வெறும் திரையைப் பார்க்கிறேன். மொட்டை சிரிக்கிறான். போன வாரம் ரூமில் எல்லோரும் மேட்ச் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் தெரியாது. கேட்டால், "குரூப்ல போட்டமே" என்கிறான் பக்கத்துக் கட்டில்காரன். என் காலும் அவன் தலையும் இடிக்கிற தூரத்தில் படுத்திருக்கிறவன்! வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? அன்று பூராவும் ரூமில் தனியாக உட்கார்ந்து, என்னென்ன நடந்திருக்கும், யார் யார் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை பண்ணியே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு காலையில் அப்பாவைக் கூப்பிடுகிறேன். அன்றைக்குத்தான் எனக்கு முழு லீவு. வீடியோ வேண்டாம், சாதாரண கால்தான். கழுத்தில் ஓட்டை போட்டிருப்பார்களாமே, மொட்டை சொன்னான். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. இதை அவரிடம் சொல்லாதே. லைன் சரியில்லை என்று சொல்.

தம்பி


ஏப்ரல் 3

டேய்,

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கு வட்டம் போட்டுவிட்டார். லைன் சரியில்லை என்ற பொய்யை அவர் நம்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கூப்பிடாமல் மட்டும் இருந்து பார்.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

கூப்பிட்டேன். உன் ஆசை நிறைவேறியதா?

ரூமில் ஆள் இருக்கிறது என்று கட்டட மாடிப்படியில் போய் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுத்தார். எடுத்தார் என்பதே, மணி நின்று காற்று மாதிரி ஏதோ உஸ் என்று கேட்டதில்தான் தெரிந்தது. அப்பா என்றேன். சத்தமில்லை. சரி, அவரால் முடியாதே என்று நானே பேசினேன். வேலையைப் பற்றிப் பேசினேன். மொட்டையைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட்டீங்களாப்பா என்றேன். இந்த ஊர் வெயிலைப் பற்றிக்கூடச் சொன்னேன். சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது, ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசினதில்லை.

அப்புறம் அந்த ஹார்ட் விஷயத்தைச் சொன்னேன். தெரியாம போட்டுட்டேம்ப்பா, எல்லாத்துக்கும் போடுற மாதிரி போட்டுட்டேன், உங்க குரல் எனக்குக் கிடைக்காம போச்சேப்பா என்று சொன்னேன். அழுதுவிட்டேன். படியேறி வந்த ஒரு பெண்மணி நின்று பார்த்துவிட்டுப் போனார். கேட்குதாப்பா, கேட்குதாப்பா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அந்த உஸ்ஸைத் தவிர ஒன்றுமில்லை.

அவர் கோபம் நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக? குரல் இல்லையென்றால் விரல் இல்லையா? போனில் ஒரு தட்டுத் தட்டக் கூடாதா? டொக் என்று ஒரே ஒரு தட்டு, இருக்கேன்டா, கேட்குதுடா என்று. ஊரில் வழிப்போக்கன் போட்ட பூனைப் படத்துக்கு நான் கொடுத்த மரியாதை கூடப் பெற்ற பிள்ளையின் அழுகைக்குக் கிடையாதா? வெச்சிடட்டுமாப்பா என்றேன். இன்னொரு தடவை கேட்டேன். அதே உஸ். வைத்துவிட்டேன்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அழித்ததையெல்லாம் திரும்ப ஏற்றிவிட்டேன். அங்கே நான் எதைப் போட்டாலும் எவனாவது ஒருத்தன் ஒரு கட்டைவிரலாவது தூக்கிக் காட்டுகிறான். இனிமேல் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். நீயும் கூப்பிடச் சொல்லாதே.

தம்பி


ஏப்ரல் 21

அட மடையா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன். பேசவில்லை என்று உனக்கு யாருடா சொன்னது?

அன்று காலை எனக்கு முன்னால் எழுந்து சவரம் செய்து, சட்டை மாற்றி, காலர் பட்டனைப் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடியோ இல்லையேப்பா, யார் பார்க்கப் போறா என்று கேட்டேன். கையை அசைத்து என்னை வெளியே போகச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நீ பேசினது முழுக்க எனக்குக் கதவருகில் கேட்டது. அவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ அப்பா என்றதும் உதட்டில் உன் பெயர் வந்தது. அதிலிருந்து அவர் வாய் மூடவே இல்லை. நீ கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சாப்பிட்டீங்களா என்று நீ கேட்டபோது, 'சூப்பு. உப்பே இல்ல. உங்கக்கா சமையல்' என்றார். உதட்டிலேயே படித்தேன், அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. மொட்டைக்குச் சிரித்தார். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கோ என்றார், தலையில் கை வைத்துக் காட்டினார், நீ பார்க்கிறாய் என்கிற நினைப்பில். நீ அழுதபோது, 'அழாத, அழாதடா' என்று போனைத் தடவினார்.

நீ கேட்குதாப்பா, கேட்குதாப்பா என்று கேட்கக் கேட்க அவர் கத்தினார். சந்தையில் கூடை கைமாறுகிற நேரத்தில் கத்துவாரே, அதே மாதிரி கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, கேட்குதுடா, கேட்குதுடா என்று. கழுத்து ஓட்டை வழியாக வந்த அந்தக் காற்றுதான் உனக்குக் கேட்ட உஸ். தட்டத் தோன்றவில்லையா என்கிறாய். தான் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பலகை பக்கத்திலேயே இருந்தது, அதைக்கூட அவர் தொடவில்லை.

வெச்சிடட்டுமா என்று நீ கேட்டபோது தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். என் பக்கம் திரும்பி, நீ சொல்லு, நீ சொல்லு என்று போனை என்னை நோக்கி நீட்டினார். கதவிலிருந்து கட்டிலுக்கு எட்டி நடந்தால் வந்துவிடலாம். 'வைக்காதே' என்று கதவிலிருந்தே கத்தியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்கும். நான் செய்யவில்லை. ஏன் தெரியுமா? என் இரண்டு கையிலும் என் போன் இருந்தது. அப்பா பேசுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டால் வீடியோவில் விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கு என்ன வரி எழுதலாம் என்று மனசுக்குள் முதல் வரி கூட ஓடியது. நீ எங்கே போய்த் தலையில் அடித்துக்கொள்வாயோ அடித்துக்கொள், நான் இங்கே அடித்துக்கொண்டாயிற்று.

அந்த வீடியோவை யாருக்கும் காட்டவில்லை. உனக்கும் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் லிஃப்டிலிருந்து வெளியே வந்து அடுத்த கட்டடத்துக்கு நடக்கிறபோது பார்ப்பாய்.

நீ வைத்த பிறகும் அவர் பேசினார். லைன் போனது தெரியாமல் இல்லை, திரை அணைந்ததைப் பார்த்தார். ஆனாலும் ஆரம்பித்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தார். என்ன சொன்னார் என்று நான் உதட்டில் படித்துவிட்டேன். உனக்கு எழுத மாட்டேன். நீ லீவு கேட்பாயோ, வேலையை விடுவாயோ, எனக்குத் தெரியாது. அது அவர் உன்னிடம் சொன்னது. கிளம்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்.

அக்கா